டயர் பளபளத்தால் போதுமா?



சனிக்கிழமை காலையில் எந்தத் தாமானுக்குள் நடந்து போனாலும் இரண்டு மூன்று வீட்டு வாசலிலாவது கார் கழுவிக்கொண்டிருப்பார்கள். வாளி, சவர்க்காரம், பஞ்சு, பழைய துணி எல்லாம் வெளியே வந்திருக்கும். கார் கழுவித் துடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். வெளுத்துப்போன டயருக்குக் கறுப்பு ஏற்ற வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை வீட்டில் இளையவரான உங்கள் தலையில்தான் விழும். சிலர் பள்ளி விடுமுறையில் கார் கழுவும் கடைகளில் பகுதிநேரமாக வேலை செய்கிறீர்கள். அங்கே ஒரு நாளைக்கு எத்தனையோ டயர்களுக்கு இதைச் செய்யவேண்டி வரும்.

கடைகளில் 'டயர் ஷைன்' என்றும் 'டயர் பாலிஷ்' என்றும் விற்கப்படும் அந்தப் புட்டியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஓடும் வண்டிக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது டயர் ஒன்றுதான். அதன்மேல் எதைப் பூசுகிறோம், எங்கே பூசுகிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயர் ஷைனை அழகுக்காக மட்டும் வாங்குங்கள். வாங்கினால் நீர் சார்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். டயரின் பக்கச்சுவரில் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். மோட்டார் சைக்கிள் டயருக்கு அதைக் கொண்டுபோகவே கொண்டுபோகாதீர்கள். இந்த நான்குக்கும் காரணம் உங்கள் அறிவியல் பாடநூலிலேயே இருக்கிறது.

டயருக்குள் என்ன இருக்கிறது?

டயர் என்றால் இரப்பர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த இரப்பரின் ஒரு பகுதி பால்மரத்திலிருந்து வருகிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவும் பாட்டியும் விடியுமுன் தோட்டத்துக்குப் போய் வெட்டிய அதே பால்மரம்தான். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த 22 நாற்றுகளிலிருந்துதான் இந்த வட்டாரத்தின் இரப்பர் கதை தொடங்குகிறது. இயற்கை இரப்பருடன் தொழிற்சாலையில் செய்யப்படும் செயற்கை இரப்பரும் டயரில் கலக்கப்படுகிறது.

வெறும் இரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் இரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிவிடுவதைக் கண்டறிந்தார். நீண்ட இரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே கந்தக அணுக்கள் பாலம் போல் இணைப்பு போடுகின்றன. அதனால்தான் டயரை இழுத்தாலும் அழுத்தினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது.

டயரின் கறுப்பு நிறம் இரப்பரின் சொந்த நிறம் அன்று. ஆரம்பக் காலத்து டயர்கள் வெளிர்நிறத்தில்தான் இருந்தன. பின்னர்தான் கார்பன் பிளாக் எனப்படும் மிக நுண்ணிய கரித்தூளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அது டயரைத் தேயாமல் உறுதியாக்குகிறது. புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி இரப்பரையும் காக்கிறது. எனவே உங்கள் டயருக்கு வெயிலிலிருந்து காக்கும் குடை தொழிற்சாலையிலேயே கிடைத்துவிட்டது.

இன்னோர் எதிரியும் உண்டு, ஓசோன். வானத்தின் மேலடுக்கில் நம்மைக் காக்கும் அதே வாயு, தரைக்கு அருகில் வாகனப் புகையும் வெயிலும் சேரும்போது உருவாகிறது. இரப்பர் மூலக்கூறில் கார்பன் அணுக்களுக்கு இடையே உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது தாக்கி உடைக்கிறது. அப்போது டயரின் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். இதைத் தடுக்க டயர் செய்பவர்கள் மெழுகையும் ஓசோன் எதிர்ப்புப் பொருள்களையும் இரப்பருக்குள் கலக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நெளிந்து கொடுக்க, இந்தப் பொருள்கள் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வருகின்றன. அங்கே ஓசோனுடன் வினைபுரிந்து பழுப்பு நிறமாகின்றன.

டயரில் நாம் பார்க்கும் பழுப்பு நிறத்துக்கு இதுவும் ஒரு காரணம். எல்லாமே மண்ணும் தூசியும் அல்ல. டயர் தன்னைக் காத்துக்கொண்டதன் அடையாளமும் அதில் கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் காரின் டயர் சீக்கிரம் வெடிப்பதும் இதனால்தான். நெளிவு இல்லாவிட்டால் மெழுகு மேலே வருவதும் குறைந்துவிடும்.

ஏன் பளபளக்கிறது?

நல்ல கேள்வி. பழைய டயரின் மேற்பரப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒளி அதன்மேல் படும்போது நாலா பக்கமும் சிதறுகிறது. அதனால் கறுப்பு நிறம் சாம்பல் பூத்தது போல் தெரிகிறது. டயர் ஷைன் அந்தப் பள்ளங்களை நிரப்பி, மேலே வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்குகிறது. ஒளி இப்போது கண்ணாடியில் படுவது போல ஒரே திசையில் எதிரொளிக்கிறது. மழையில் நனைந்த தார்ச்சாலை காய்ந்த சாலையைவிடக் கறுப்பாகத் தெரிவதற்கும் ஏறக்குறைய இதே காரணம்தான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. டயர் ஷைன் இரப்பரைப் புதுப்பிப்பதில்லை. தேய்ந்த டயர் வளர்வதில்லை, வெடிப்பு மூடிக்கொள்வதில்லை. ஒளி எதிரொளிக்கும் விதம் மட்டுமே மாறுகிறது. 'டயரின் ஆயுளைக் கூட்டும்' என்று புட்டியில் எழுதியிருந்தால், எதை எதோடு ஒப்பிட்டு, எத்தனை மாதம் சோதித்து அப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கட்டுப்பாட்டு மாதிரி இல்லாத சோதனையை வகுப்பில் நாம் ஏற்றுக்கொள்வதில்லையே! கடையில் மட்டும் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

இரண்டு வகை, ஒரு விதி

சந்தையில் எத்தனை பெயரில் விற்றாலும் டயர் ஷைன்களைப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கரைப்பான் சார்ந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுத்த கரைப்பானில் சிலிக்கோன் எண்ணெய் கரைக்கப்பட்டிருக்கும். பூசியதும் கண்ணைப் பறிக்கும் மினுமினுப்பு வரும். மழைக்கும் சற்றுத் தாங்கும். ஆனால் மண்ணெண்ணெய் போன்ற வாடை வீசும், எளிதில் தீப்பற்றும், டயரில் பிசுபிசுப்பு நிற்கும்.

இரண்டாவது, நீர் சார்ந்தது. அதிலும் சிலிக்கோன் இருக்கலாம். ஆனால் கரைப்பானுக்குப் பதிலாக நீரில் மிக நுண்ணிய துளிகளாகப் பரவியிருக்கும். எண்ணெயும் நீரும் சேராது என்பதால் இரண்டையும் பிடித்துவைக்க ஒரு பால்மமாக்கி சேர்க்கப்படுகிறது. இது பெரும்பாலும் பால் போல வெண்மையாக இருக்கும். நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். பால்மரத்துப் பால் வெண்மையாக இருப்பதும் அப்படித்தான். நீர் சார்ந்த வகையைப் பூசினால் புது டயரைப் போன்ற மங்கலான கறுப்பு கிடைக்கும். மினுமினுப்பு குறைவு. பலத்த மழை பெய்தால் சீக்கிரம் போய்விடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? வேதியியலில் ஓர் எளிய விதி உண்டு. ஒத்த இயல்புடைய பொருள்தான் ஒன்றையொன்று கரைக்கும். உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மெழுகும் எண்ணெய்ப் பசையும் பெட்ரோலியக் கரைப்பானில் இளகும், நீரில் இளகாது. டயர் தன் பாதுகாப்புக்காக மேற்பரப்புக்கு அனுப்பிவைத்திருக்கும் மெழுகு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று இப்போது உங்களுக்கே தெரியும். கரைப்பான் சார்ந்த பொருளைத் திரும்பத் திரும்பப் பூசும்போது, அந்த மெழுகை அது இளக்கி எடுத்துவிடக்கூடும்.

வீட்டில் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ஒரே பலூனிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை நீரிலும் மற்றொன்றைக் குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலிலும் போட்டு ஒரு நாள் வையுங்கள். மறுநாள் இரண்டையும் எடுத்துத் துடைத்து, அளவுகோலால் அளந்து பாருங்கள். நீரில் கிடந்தது அப்படியே இருக்கும். பேபி ஆயிலில் கிடந்தது உப்பி, மென்மையாகி, இழுத்தால் சுலபமாகக் கிழியும். பேபி ஆயில் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் கனிம எண்ணெய். அது இரப்பருக்குள் புகுந்து மூலக்கூறுகளை விலக்கிவிடுகிறது.

டயர் பலூன் அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். டயர் தடிப்பானது, கந்தக இணைப்புகளும் கரித்தூளும் கொண்டது. ஒருமுறை பூசியதால் கெட்டுவிடாது. ஆனால் டயர் பல ஆண்டுகள் வெயிலில் கிடக்கும் பொருள். வாரா வாரம் பூசப்போகும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, தீங்கு குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை. டீசலையும் சமையல் எண்ணெயையும் துணியில் நனைத்து டயரைத் துடைப்பவர்களும் இருக்கிறார்கள். பலூன் சோதனையை அவர்களுக்குக் காட்டுங்கள்.

'சிலிக்கோன் டயரைக் கெடுக்கும்' என்று பலர் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். சிலிக்கோன் எண்ணெய் எளிதில் வினைபுரியாத பொருள். கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் அதைச் சுமந்து வரும் கரைப்பானைப் பற்றித்தான். ஆகவே 'சிலிக்கோன் இல்லாதது' என்ற விளம்பரத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். எதில் கலந்திருக்கிறது என்று பாருங்கள்.

புட்டியைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் பளபளக்கும் காரின் படம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது பின்பக்கம். செம்பருத்தி நிற ஓரம் போட்ட சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் சின்னம் இருக்கிறதா? 'பெட்ரோலிய வடிபொருள்', 'ஹைட்ரோகார்பன்' போன்ற சொற்கள் இருக்கின்றனவா? அப்படியானால் அது கரைப்பான் சார்ந்தது. 'நீர் சார்ந்தது' என்று எழுதியிருந்து, தீச்சுடர் சின்னமும் இல்லை என்றால் அதுவே நமக்கு ஏற்றது. தெளிப்பான் டின்னில் வருவதை வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. திரவம் பாதுகாப்பானதாக இருந்தாலும், அதை வெளியே தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியதாக இருக்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த டின்னை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம்

இனி எப்படிப் பூசுவது என்று பார்ப்போம். படிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். காரணத்தைப் புரிந்துகொண்டால் படி தானாக நினைவில் நிற்கும்.

முதலில், நிழலில் நிற்கும் காரின் குளிர்ந்த டயராக இருக்க வேண்டும். சூடான டயரில் நீர் உடனே ஆவியாகிவிடும். திரவம் பரவுமுன் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

அடுத்து, டயரைச் சவர்க்காரமும் முரட்டுத் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். முதலில் பழுப்பு நுரை வரும். நுரை வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவினால் போதும். பழைய டயர் ஷைனும் மண்ணும் எண்ணெயும் போனால்தான் புதியது பிடிக்கும். அழுக்கின்மேல் பூசினால் அது அழுக்கைத்தான் பிடித்துக்கொள்ளும்.

பிறகு நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். டயரில் உள்ள எழுத்துகளின் இடுக்குகளில் நீர் தேங்கியிருக்கும். ஈரத்தில் பூசினால் நீர் சார்ந்த திரவம் மேலும் நீர்த்துப்போய் வழிந்துவிடும்.

இப்போது பஞ்சில் சிறிதளவு ஊற்றி, அந்தப் பஞ்சால் பக்கச்சுவரைச் சுற்றி மெல்லிசாகத் தடவுங்கள். டயரின்மேல் நேராகத் தெளிக்காதீர்கள். காற்றில் பறக்கும் துளிகள் பிரேக் தட்டின்மேலும், தரையைத் தொடும் பகுதியின்மேலும் போய்ப் படியும். பிரேக் வேலை செய்வதே உராய்வினால்தான். உராய்வைக் குறைக்கும் எண்ணெயை அங்கே கொண்டுபோய் வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

பத்து நிமிடம் கழித்து, உலர்ந்த துணியால் மீதியைத் துடைத்தெடுங்கள். விரலால் தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது. காய்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று புட்டியில் எழுதியிருக்கும். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரு கணக்குப் போடுவோம். கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது விநாடிக்கு 25 மீட்டர். டயரின் ஆரம் 0.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மையநோக்கு முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. 625ஐ 0.3ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,080 வரும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மட்டுமே. ஆகவே டயரின் ஓரத்தில் உள்ள ஒரு துளி அங்கேயே ஒட்டியிருக்க வேண்டுமானால், அதன் எடையைப்போல் 200 மடங்குக்கும் மேலான விசை அதைப் பிடித்திழுக்க வேண்டும். மெல்லிய, காய்ந்த படலத்தை இரப்பர் பிடித்துக்கொள்ளும். தடிப்பான, ஈரமான படலத்தைப் பிடிக்க முடியாது. அது தெறித்து, நீங்கள் கஷ்டப்பட்டுக் கழுவிய காரின் பக்கவாட்டில் கறுப்புப் புள்ளிகளாகப் போய் ஒட்டும். மெல்லிசாகப் பூசுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

கை அளவு இடம்

மலாய்மொழியில் 'டயரின் பூ' என்று சொல்வார்களே, வரிப்பள்ளங்கள் உள்ள அந்தப் பகுதியில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. அது எவ்வளவு முக்கியமான இடம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

மைவி போன்ற ஒரு சிறிய காரின் பொருண்மை ஏறக்குறைய 1,000 கிலோகிராம். நான்கு டயர்களும் சமமாகச் சுமந்தால் ஒவ்வொன்றின்மேலும் 250 கிலோகிராம், அதாவது 2,450 நியூட்டன் விசை. டயருக்குள் காற்றழுத்தம் 220 கிலோபாஸ்கல் என்று கொள்வோம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. ஆகவே விசையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். விடை ஏறக்குறைய 111 சதுர சென்டிமீட்டர். உங்கள் ஒரு கையை விரித்துத் தரையில் வைத்தால் அடைக்கும் இடம்தான். நான்கு டயரையும் சேர்த்தாலும் ஓர் ஏ4 தாள் நிரம்பாது. மழை நாளில் குடும்பமே அந்தத் தாளின்மேல்தான் நிற்கிறது.

இதே கணக்கை மோட்டார் சைக்கிளுக்குப் போடுங்கள். கப்சாய் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 160 கிலோகிராம் என்றால், ஒரு டயருக்கு 80 கிலோகிராம். அதே காற்றழுத்தத்தில் பரப்பு 36 சதுர சென்டிமீட்டர்தான். இரண்டு தீப்பெட்டிகளை அருகருகே வைத்த அளவு. அதோடு, மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும். சாயும்போது தரையைத் தொடும் இடம் டயரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறது. நேராக நிற்கும்போது 'இது பக்கச்சுவர்தானே' என்று நீங்கள் பளபளப்பு பூசிய இடத்துக்கு அருகிலேயே, வளைவில் சாலை வந்து தொடும். காரில் நான்கில் ஒரு டயர் வழுக்கினாலும் மற்ற மூன்று இருக்கின்றன. இரண்டு சக்கர வண்டியில் ஒன்று வழுக்கினால் ஓட்டுபவர் கீழே.

மலேசியாவில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். உங்களில் சிலர் எடுத்துவிட்டீர்கள், சிலர் பிறந்தநாளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். வண்டி அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. சட்டத்தைத் துடையுங்கள், சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள், விளக்கைப் பளபளப்பாக்குங்கள். டயரைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள்.

பூசுமுன் பாருங்கள்

டயர் ஷைனைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய குறை அதன் வேதியியல் அல்ல. அது மறைத்துவிடுகிறது என்பதுதான். மெல்லிய வெடிப்புகள் சாம்பல் நிற டயரில் பளிச்சென்று தெரியும். மினுமினுக்கும் படலத்தின் கீழே தெரியாது. பழைய கார் வாங்கப் போகும்போது டயர்கள் கண்ணாடி போல் மின்னினால் மகிழ்ந்துபோகாதீர்கள். ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

அதற்காக இதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கழுவித் துடைத்த பிறகு, பூசுவதற்கு முன் உள்ள ஐந்து நிமிடம்தான் டயரைப் பார்க்க மிகச் சிறந்த நேரம். வேறு எந்த நாளிலும் நாம் டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்காருவதில்லையே!

வரிப்பள்ளங்களுக்குள் குறுக்கே சிறிய மேடுகள் தெரியும். கார் டயரில் அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மழைநீரை வெளியே தள்ள அதற்குமேல் பள்ளம் இல்லை. அடுத்து, பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வீக்கம் தெரிந்தால் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்திருக்கலாம். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். கடைசியாக, 'டிஓடி' என்று தொடங்கும் எழுத்துகளின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். உங்கள் வீட்டுக் காரின் டயருக்கு என்ன வயது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடையில் வேலை செய்யும் மாணவர்களுக்கு

பகுதிநேர வேலை செய்யும் உங்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். முதலாளி கொடுத்த திரவத்தைத்தான் நீங்கள் பயன்படுத்த முடியும் என்பதும் தெரியும். வாடிக்கையாளருக்கு மினுமினுப்புதான் பிடிக்கிறது, மாலை மழையில் போய்விட்டால் குறை சொல்கிறார் என்பதும் உண்மை. ஆனாலும் சில விஷயங்கள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. நேராகத் தெளிக்காமல் பஞ்சில் ஊற்றிப் பூசலாம். அப்படிச் செய்தால் திரவமும் மிச்சமாகும். முதலாளியிடம் சொல்லும்போது அந்தக் காரணத்தை முதலில் சொல்லுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கரைப்பான் வாடை தேங்காமல் காற்றோட்டமான இடத்தில் நின்று வேலை செய்யுங்கள். பக்கத்தில் யாரையும் புகைபிடிக்க விடாதீர்கள். மோட்டார் சைக்கிள் கொண்டுவருபவர் டயருக்கும் பூசச் சொன்னால், "அண்ணே, வளைவில் வழுக்கும், வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்று, கழுவிய நீர். வாசலில் கழுவும் நீர் கால்வாய்க்குப் போகிறது. கால்வாய் நீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றையோ கடலையோ சேர்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். டயரில் கலக்கப்படும் ஓர் ஓசோன் எதிர்ப்புப் பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் வேதிப்பொருள், மழைநீரோடு ஓடைகளில் கலந்து கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருள் டயரிலேயே இருப்பது, டயர் ஷைனில் அல்ல. ஆனால் டயரிலிருந்து கழுவிவிடப்படும் எதுவும் காணாமல் போய்விடுவதில்லை என்பதற்கு இது சான்று. ஆகவே தேவைக்கு மேல் ஊற்றாதீர்கள். துடைத்த துணியைக் கால்வாயில் அலசாதீர்கள். முடிந்தால் புல்தரைமேல் கார் நிற்கும்போது கழுவுங்கள்.

ஆசிரியரே, ஒரு டயருக்குக் கறுப்பு பூச இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒருமுறை யோசித்தால் போதும். ஒளி எதிரொளிப்பு, கரைதிறன், அழுத்தம், உராய்வு, மையநோக்கு முடுக்கம் என்று தேர்வுக்காகப் படிக்கும் ஐந்து பாடங்கள் ஒரே டயரில் இருக்கின்றன. அவற்றை வாசலில் பயன்படுத்தத் தெரிந்தவரிடம் எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்றி விற்றுவிட முடியாது.

அடுத்த சனிக்கிழமை வாளியை எடுக்கும்போது, டயர் ஷைன் புட்டியோடு ஓர் அளவுகோலையும் காற்றழுத்தமானியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் ஆழத்தை அளந்து, அழுத்தத்தைப் பார்த்து, வயதைக் குறித்துவையுங்கள். அதன் பிறகு வேண்டுமானால் மெல்லிசாகப் பூசுங்கள். அளந்ததில் ஏதாவது சரியில்லை என்று தெரிந்தால் புட்டியைத் திறக்காதீர்கள். நேராக அப்பாவையோ அம்மாவையோ கூப்பிட்டு அந்த டயரைக் காட்டுங்கள்.